பத்து வயதுக்கு எந்த இராமாயணம்?

கோபுர வாசலை ஒட்டிய புத்தகக் கடைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தரிசனம் முடித்து வெளியே வரும் பெரியவர் ஒருவர், பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு புத்தகம் வாங்கிச் செல்லலாம் என்று நிற்பார். கடைக்காரர் வயதைக் கேட்பார்; ஒன்பது அல்லது பத்து என்று விடை வரும். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அச்சிட்ட முப்பது பக்கச் சிறுவர் இராமாயணம் ஒன்று உடனே கைக்கு வந்துவிடும். குழந்தை அதனை அரை மணி நேரத்தில் புரட்டி முடித்து மூலையில் வைத்துவிடும். பிறகு யார் கேட்டாலும், "இராமாயணம்தானே, எனக்குத் தெரியும்" என்று சொல்லும். வாங்கிக் கொடுத்தவருக்கும் மகிழ்ச்சி, கேட்டவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குழந்தைக்கு இராமாயணத்தின் கதவு அன்றே பாதி சாத்தப்பட்டுவிடுகிறது.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளின் நிலை விசித்திரமானது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது என்ற காரணத்தால் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவதைப் பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். "நீயே படித்துக்கொள்" என்பது அந்த வயதில் அவர்கள் அதிகம் கேட்கும் வாக்கியங்களுள் ஒன்று. ஆனால் அந்த வயதில் கண்ணைவிடக் காது பல படிகள் முன்னே நிற்கிறது. தானாகப் படிக்கும்போது நான்கு சொல் வாக்கியத்துக்கே திணறும் குழந்தை, பாட்டி படிக்கக் கேட்கும்போது கைகேயியின் மனமாற்றத்தை அணு அணுவாகப் பின்தொடர்கிறது. ஆங்கில வழியில் பயிலும் குழந்தைகள் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அவர்களுக்கு நல்ல உரைநடைத் தமிழ் வந்து சேரக்கூடிய வழிகளில் வீட்டுப் பெரியவரின் குரல் முதன்மையானது. சில வீடுகளில் அது ஒன்றே வழி.

நம் நூல்கள் யாவும் முதலில் காதுக்காகவே பிறந்தவை என்பதை நினைவுகூர்வது தகும். பரீட்சித்து மன்னன் கங்கைக் கரையில் அமர்ந்து ஏழு நாள்கள் சுகரிடம் பாகவதத்தைக் கேட்டான், படிக்கவில்லை. ஜனமேஜயனுக்கு வைசம்பாயனர் சொன்ன பாரதமே நைமிசாரண்யத்து முனிவர்களுக்கு மீண்டும் சொல்லப்பட்டது. இராமாயணத்தின் செய்தி இன்னும் அழகானது. வால்மீகி அதனை இயற்றி முடித்ததும் பாடக் கற்பித்தது இரண்டு சிறுவர்களுக்கு. லவனும் குசனும் இராமனின் சபையிலேயே அதைப் பாடினார்கள். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழாக் காலத்தில் பாரதம் படிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பாட்டை ஒருவர் படிக்க, பிரசங்கியார் பொருளை விரிப்பார். பிள்ளைகள் முன்வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பார்கள். "இது பெரியவர்களுக்கான பாரதம்" என்று அவர்களை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை.

ஆகவே, உரக்கப் படித்துக் காட்டுவதற்கு எந்தப் புத்தகம் என்ற கேள்வியை, குழந்தை தானாகப் படிப்பதற்கு எந்தப் புத்தகம் என்ற கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. படக்கதைகளை எடுத்துக்கொள்வோம். 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை பல தலைமுறைக் குழந்தைகளுக்குப் புராணங்களை அறிமுகம் செய்தது. அதன் தொண்டைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆயினும் அதில் பாதிக் கதை படத்தில் இருக்கிறது. உரக்கப் படிப்பவர் கையில் மீதிப் பாதிதான் கிடைக்கும். சுருக்கப் பதிப்புகளின் குறை வேறு. அவை நிகழ்ச்சிகளை மட்டும் வரிசையாகச் சொல்லிச் செல்லும். "கைகேயி இரண்டு வரம் கேட்டாள். தசரதர் வருந்தினார். இராமர் காட்டுக்குச் சென்றார்" என்று மூன்று வாக்கியங்களில் அயோத்தியா காண்டம் கடந்துபோகும். மந்தரை எப்படிப் பேசினாள், முதலில் மகிழ்ந்த கைகேயி எந்தச் சொல்லில் மாறினாள் என்பதெல்லாம் அதில் இராது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு வேண்டியது அதுவே. ஒரு தோழியின் கோள் இன்னொரு தோழியின் மனத்தை எப்படிக் கெடுக்கும் என்பதை அது வகுப்பறையில் தினமும் பார்க்கிறது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதல் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுகிறார்கள். நேரே வாலி வதத்துக்குச் செல்லவும். மரத்தின் பின்னே நின்று இராமன் அம்பு எய்கிறான்; வாலி வீழ்கிறான். அடுத்து அந்த நூல் என்ன செய்கிறது? வாலி வாய் திறந்து கேட்கிறானா, அல்லது "கொடியவனான வாலி மாண்டான்" என்று அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறதா? தாவும் நூல் என்றால் அதை மீண்டும் அடுக்கிலேயே வைத்துவிடலாம்.

காரணம் எளியது. பத்து வயதுப் பிள்ளை தெருவில் கிரிக்கெட் ஆடுகிறது. எது முறையான ஆட்டம், எது கள்ள ஆட்டம் என்பதில் அதற்கு இருக்கும் கண்டிப்பு பெரியவர்களுக்கு இராது. "தாத்தா, இராமர் ஏன் ஒளிந்து நின்று அடித்தார்?" என்று அது கேட்டே தீரும். அப்போது "சுவாமியைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்ற பதிலுக்குப் பல வீடுகளில் நா எழுகிறது. பக்தியினால் எழும் பதில்தான் அது, ஐயமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் வால்மீகி முனிவரே. கிஷ்கிந்தா காண்டத்தில் ஒரு சர்க்கம் முழுவதும் வாலி இராமனை நிறுத்திக் கேட்கிறான்; அடுத்த சர்க்கம் முழுவதும் இராமன் விடையளிக்கிறான். கம்பரும் அந்த வழக்காடலைச் சுருக்கவில்லை, விரிக்கிறார். இராமனிடம் அவர்கள் கொண்ட பக்திக்கு அதனால் எந்தக் குறையும் நேரவில்லை. அவர்கள் அஞ்சாமல் எழுதிய கேள்வியைப் பேரனிடமிருந்து மறைத்தால், அவன் பதினைந்து வயதில் அதை வேறு யாரிடமிருந்தோ ஏளனத்துடன் கேட்டுக்கொள்வான். அப்போது அருகில் தாத்தா இருப்பாரோ, மாட்டாரோ.

இந்தச் சோதனையில் தேறும் நூல்களுள் முதலிடம் ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு உரியது. முதலமைச்சர் பதவியிலிருந்து அவர் விலகிய அதே 1954ஆம் ஆண்டில் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கியது. 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வார இதழுக்காக எழுதப்பட்டமையால் அத்தியாயங்கள் சிறியவை. ஓர் இரவுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று அளவாகப் பொருந்தும். வாக்கியங்கள் குறுகியவை. வால்மீகியைத் தழுவிச் சென்றாலும் வேண்டிய இடங்களில் கம்பரையும் அழைத்து வந்து நிறுத்துகிறார். வாலி வதத்தில் அவர் மழுப்பவில்லை. தமக்குள்ள தயக்கத்தையும் வாசகரிடமிருந்து மறைக்கவில்லை. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அறிஞர் தயங்கிய இடத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளையும் தயங்குகிறது என்றால், அந்தப் பிள்ளை சரியாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். ராஜாஜி கதையின் நடுவே அவ்வப்போது நின்று அறிவுரை பகர்வார். பெரியவர்களுக்கு அவை அமுதம். கேட்கும் பிள்ளைக்கோ அந்த இடத்தில் கால் ஆடத் தொடங்கும். படிப்பவர் முன்கூட்டியே அத்தகைய பத்திகளைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிச் செல்வதில் பாவம் ஒன்றும் இல்லை.

பாரதத்துக்கு அவருடைய 'வியாசர் விருந்து' அதே வகையில் பொருந்தும். ஆனால் இராமாயணத்துக்குப் பிறகே அதனைக் கையில் எடுப்பது நல்லது. எட்டு, ஒன்பது வயதில் அது, பத்து, பதினொன்றில் இது. பாரதத்தில் நல்லவர்கள் தவறு செய்கிறார்கள். ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டவர் ஆசாரியர். அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றவர்களில் குருமார்களும் இருந்தார்கள். இதைத் தாங்கிக்கொள்ளச் சிறிது வயது வேண்டும்.

சூதாட்ட மண்டபத்துக்கு வரும்போது பாட்டிமார்கள் பலர் குரலைத் தாழ்த்துவார்கள். அல்லது கண்ணன் சேலை அளித்த அற்புதத்துக்கு விரைந்து போய்விடுவார்கள். அற்புதத்துக்கு முன்னால் திரௌபதி ஒரு கேள்வி கேட்கிறாள்: தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு, அதன் பிறகு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? பீஷ்மரால் தெளிவான விடை சொல்ல இயலவில்லை. துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து, அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிறான். கௌரவர் கூட்டத்தில் இப்படி ஒருவன் இருந்தான் என்பது பிள்ளைகளைத் துள்ளி எழச் செய்யும் செய்தி. சுருக்கப் பதிப்புகளில் முதலில் காணாமற்போவதும் விகர்ணனே. ஆகையால் பாரதம் வாங்கப் போகிறவர்கள் விகர்ணன் இருக்கிறானா என்று பார்த்து வாங்கலாம்.

பெரியபுராணம் மேற்சொன்ன இரண்டினும் வேறுபட்டது. அது தொடர்கதை அன்று. அறுபத்து மூவர் வரலாறும் தனித்தனி மாலைகள். ஆகவே நல்ல உரைநடைப் பதிப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த நாயனார் வரலாற்றை எப்போது படிப்பது என்று பெரியவரே தேர்ந்துகொள்ள வேண்டும். இங்கே தேர்வு என்பது புத்தகக் கடையில் முடிவதில்லை.

கண்ணப்ப நாயனாரிலிருந்து தொடங்குவதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன், முதல் வேட்டையில் பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைக்கு வருகிறான். அங்கே இறைவன் தனியே இருப்பதைக் கண்டு, "இவருக்குப் பசிக்காதா?" என்று கலங்குகிறான். கைகளில் வில்லும் இறைச்சியும் இருப்பதால் நீரை வாயில் முகந்து வருகிறான். பூவைத் தலையில் செருகி வருகிறான். எல்லாவற்றையும் முறைதவறிச் செய்கிறான். ஆகமம் அறிந்த சிவகோசரியார் ஒவ்வொரு நாள் காலையிலும் வந்து, "யார் இந்த அநாசாரத்தைச் செய்தது?" என்று பதறித் துடைக்கிறார். இந்த ஒளிந்து பிடிக்கும் விளையாட்டைக் கேட்கும் குழந்தைகளின் சிரிப்பு வீட்டை நிறைக்கும். ஆறாம் நாள், காட்சி திடீரென்று மாறுகிறது. இறைவனின் கண்ணிலிருந்து குருதி வழிகிறது. இரண்டாம் கண்ணைப் பெயர்க்கும் முன், இடம் தெரிவதற்காகத் தன் காலைத் திருமேனியில் ஊன்றி வைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில், சற்று முன் சிரித்த குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும். அச்சம் உண்டு, ஆயினும் கேட்கும் குழந்தை திண்ணனாகவே மாறி நிற்பதால் அந்த அச்சம் அதனை நசுக்குவதில்லை.

சிறுத்தொண்டர் வரலாறு அப்படியன்று. அடியவருக்கு அமுது படைப்பதற்காகத் தந்தையும் தாயும் மகனைக் கறியாக்கும் கதை. முடிவில் சீராளன் பள்ளியிலிருந்து ஓடி வருவது போல் ஓடி வருகிறான் என்பது உண்மை. பெரியவர்கள் அதைக் கேட்கும்போது தந்தையின் இடத்தில் நின்று கேட்கிறார்கள். அதனால் கண்ணீர் பெருகுகிறது. ஒன்பது வயதுக் குழந்தை சீராளனின் இடத்தில் நின்று கேட்கும். படுக்கப் போகும் நேரத்தில், தன்னைப் பேணும் பாட்டியின் குரலிலேயே அதைக் கேட்க நேர்வது சிறிய காரியமன்று. கோட்புலி நாயனார் வரலாற்றுக்கும் இதுவே பொருந்தும். இவற்றை மறைத்துவைக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகள் தள்ளிவைத்தால் போதும். சேக்கிழார் காத்திருப்பார்.

நந்தனார் வரலாற்றில் வேறு வகைக் கவனம் தேவை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளாலும் அதன் வழிவந்த நாடகங்கள், திரைப்படங்களாலும் நந்தனாரைக் கொடுமை செய்யும் பண்ணையார் வேதியர் நம் மனத்தில் நிலைத்துவிட்டார். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் அந்த வேதியர் கிடையாது. அங்கே இருப்பவர், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்யும் ஆதனூர் அடியார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. எந்த வடிவத்தைப் படிக்கிறோம் என்பதைப் படிப்பவர் தெரிந்து படித்தல் நலம். எந்த வடிவமானாலும் பிள்ளை கேட்கப் போகும் கேள்வி ஒன்றே: "அவரை ஏன் உள்ளே விடவில்லை?" இதற்கு வளைத்துச் சொல்லும் பதில்கள் நிறைய உண்டு. நேரான பதில் இது: பிறப்பைக் காரணம் காட்டிச் சில மக்களைக் கோயிலுக்குள் விடாத தவறு நம் ஊர்களில் வெகுகாலம் நடந்தது, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்களை வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் சென்றது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள்தான். அந்தத் தேதியைத் தாத்தாவின் வாயால் கேட்ட குழந்தை அடுத்த முறை மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் செல்லும்போது நுழைவாயிலைச் சற்று நின்று பார்க்கும்.

புராணங்கள் மட்டுமே படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளை இன்றைய தாத்தாக்கள் தாங்களே சிறுவர்களாக இருந்தபோது படித்திருப்பார்கள். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடியும் அந்த அமைப்பு உரக்கப் படிப்பதற்கென்றே செய்தது போன்றது. விக்கிரமாதித்தன் விடை சொல்லும் முன் புத்தகத்தை மூடிவைத்துப் பிள்ளையின் விடையைக் கேட்கலாம். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலின் முற்பகுதி மிக நன்று. இசைவாணரான தந்தையோடு ஊர் ஊராகச் சென்று தமிழ் சொல்லித்தர ஆசிரியரைத் தேடி அலைந்த சிறுவனின் கதை அது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும் வரை தொடர்ந்து படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஏடுகளைத் தேடிய பிற்பகுதி பின்னாளில் தானாகப் படிப்பதற்கு.

படிக்கும் முறை பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அன்றைய அத்தியாயத்தைப் பகலில் ஒருமுறை தனியே வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல நேரும் என்பது அப்போது தெரிந்துவிடும். ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும். வாரம் ஐந்து நாள் என்றாலும் மாதம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. எந்தப் பாட வேளையிலும் கிடைக்காத அளவு இது. படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்ற பரீட்சை வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது.

பேரப்பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில் ஒரே பதிப்பில் இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை அவர்களிடம் சேர்ப்பித்துவிட்டுக் கைப்பேசி வழியாகப் படிக்கலாம். பக்க எண் ஒன்றாக இருந்தால் அங்கே விரல் வரிகளின்மேல் ஓடும். சில மாதங்களில் விரலுக்குப் பின்னால் கண்ணும் ஓடும். கண்புரையால் அச்செழுத்து மங்கித் தெரியும் பெரியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு பத்தியைப் பிள்ளை படிக்க, கதை தெரிந்த பெரியவர் அடுத்த பகுதியை வாய்மொழியாகச் சொல்லலாம். ழகரம் தவறினால் உடனுக்குடன் இடைமறித்துத் திருத்தாமல் விட்டுவிட்டு, அடுத்த முறை தாம் அதே சொல்லை வலிந்து உச்சரித்தால் போதுமானது.

சக்கரவர்த்தித் திருமகனைப் படித்து முடிக்கும் நாளில் பாயசம் வைத்துப் பட்டாபிஷேகம் கொண்டாடுவது வழக்கம். மறுநாள் பிள்ளை, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்கும். ராஜாஜி அங்கேயே நிறுத்திவிட்டார். உத்தர காண்டத்தை அவர் தம் நூலில் சேர்க்கவில்லை. "அத்துடன் முடிந்துவிட்டது" என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையன்று. இன்னும் ஒரு காண்டம் இருக்கிறது, அது துயரமானது, சீதை மீண்டும் காட்டுக்குப் போகிறாள், அங்கே அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள், இந்தக் கதை முழுவதையும் அவர்கள்தான் தங்கள் தந்தைக்கு முன்னால் பாடினார்கள் என்ற அளவுக்குச் சொல்லலாம். அந்தப் பிள்ளைகளின் வயதைக் கேட்டால், ஏறக்குறைய உன் வயதுதான் என்று சொல்லலாம்.